கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூன்று பாடசாலைகளின் பிள்ளைகள்: சில அனுபவங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளை ஒன்றாக இருத்திக் கதைக்க வைக்க விரும்பினால் முதலில் வரும் கேள்வி, எந்த நாளில் என்பதுதான். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை. சனிக்கிழமை விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ரியூசன். ஞாயிறு காலை பௌத்தப் பிள்ளைகளுக்கும் இந்துப் பிள்ளைகளுக்கும் அறநெறி வகுப்பு, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குப் பூசை. போயா (பௌர்ணமி) தினம் எல்லோருக்கும் விடுமுறை, ஆனால் அன்று விகாரைக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளையை விடமாட்டார்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை, மற்றப் பாடசாலைகள் நடக்கும். தவணை அட்டவணையே வேறு.

நாங்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுவதில்லை. முதல் சந்திப்பை மட்டும் பாடசாலை நாளொன்றில், செவ்வாய் அல்லது புதனில், அனுமதி எடுத்து வைத்துவிடுவோம். அங்கே வந்தவுடன் அடுத்த சந்திப்புக்கு நாள் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவோம். மூன்று பாடசாலைகளின் தவணை அட்டவணைகளையும் ஒரு கலண்டரையும் நடுவில் போட்டு, எல்லோரும் வரக்கூடிய ஒரு நாளைச் சொல்லுங்கள் என்போம். ஒரு மணித்தியாலம் போகும். அந்த நேரத்துக்குள், ஜும்ஆ எத்தனை மணிக்கு முடியும், போயாவில் சில் (பௌத்த நோன்பு) எடுத்தால் மதியத்துக்குப் பிறகு சாப்பிட முடியாதா, வெள்ளிக்கிழமை விரதம் என்றால் தண்ணீர் குடிக்கலாமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பன்மைத்துவம் என்று தலைப்புப் போட்டு நான் மேடையில் நின்று சொல்லக்கூடிய எதையும்விட இது பிள்ளைகளுக்குள் போகிறது. எப்படி ஏற்பாடு செய்கிறோம் என்பதில்தான் பாதிப் பாடம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். யார் வரலாம், யார் வாய் திறக்கலாம் என்பதையெல்லாம் அந்த ஏற்பாடுகளே முடிவு செய்துவிடுகின்றன.

வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இலங்கையில் சுமார் 10,000 அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மொழியாலும் சமூகத்தாலும் பிரிந்தவை. தரம் 1 முதல் உயர்தரம் வரை 13 வருடம் படித்து முடிக்கும் ஒரு பிள்ளை, வேறு சமூகத்துப் பிள்ளையோடு ஒரு வாங்கில்கூட இருக்காமலே வெளியே வரலாம். திருகோணமலை மாவட்டமோ மூன்று சமூகங்களும் பெருந்தொகையாக வாழும் இடம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இங்கே எந்தச் சமூகமும் தனியாகப் பாதியைத் தாண்டவில்லை. கொட்டியாரக் குடாவின் தெற்குப் பக்கத்தை எடுத்தால் மூதூர், சம்பூர், சேருவில என்று எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். ஒரே சந்தை, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே பஸ். ஆனால் பக்கத்து ஊர்ப் பாடசாலையின் கேற்றுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

நாங்கள் மூன்று பாடசாலைகளின் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இதைச் செய்து வருகிறோம். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. பெரிய செலவு பஸ் வாடகைதான். அடுத்தது சாப்பாடு. பாடசாலைகள் வெவ்வேறு கல்வி வலயங்களில் இருந்தால் வலயக் கல்விப் பணிமனையின் கடிதம் மட்டும் போதாது, மாகாணக் கல்வித் திணைக்களத்தின் அனுமதியையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அதிபர்கள் தயங்குவது மனமில்லாமல் அல்ல. வழியில் பஸ்ஸுக்கு ஏதாவது நடந்தால், பிள்ளைகளுக்குள் ஒரு பிரச்சினை வந்து யாராவது போனில் படம் பிடித்துப் போட்டால் யார் பதில் சொல்வது என்பதுதான் அவர்களுடைய பயம். அந்த இரண்டுக்கும் கடிதத்திலேயே பதில் எழுதிக் கொடுத்தால் வேலை சுலபமாகிவிடும்.

யாரை அனுப்புவது என்பதில் பிடிவாதமாக இருக்க வேண்டும். விட்டால் அதிபர் மாணவத் தலைவர்களையும் பேச்சுப் போட்டியில் பரிசு எடுத்த பிள்ளைகளையும்தான் அனுப்புவார். அந்தப் பிள்ளைகள் நல்லவர்கள், ஆனால் ஒற்றுமை பற்றி மனப்பாடமாகப் பேசக் கற்றவர்கள். நாங்கள் எல்லோரும் ஒரு தாய் மக்கள் என்று எழும்பிச் சொல்லிவிட்டு இருந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கதை நகராது. அதனால் நாங்கள் ஆளுக்குப் பாதி என்று கேட்கிறோம். பாதியை அதிபர் தெரிவு செய்யட்டும், மற்றப் பாதி வகுப்பில் அதிகம் கதைக்காத பிள்ளைகளாக இருக்க வேண்டும். தரம் 11 பிள்ளைகளை எடுப்பதில்லை, சாதாரண தரப் பரீட்சை இருக்கிறது. தரம் 9இல் எடுத்தால் ஒன்றரை வருடம்வரை அதே பிள்ளைகளோடு போகலாம். பெரிய மண்டபத்தில் முந்நூறு பேரைக் கூட்டி ஒரு நாள் விழா எடுப்பதைவிட, முப்பது பேரைத் திரும்பத் திரும்பச் சந்திக்க வைப்பதுதான் பிரயோசனம். விழா எடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் அதிலிருந்து பிள்ளைகளுக்கு மிஞ்சுவது தொப்பியும் சான்றிதழும் மட்டும்தான்.

அப்புறம் மொழி. தமிழ் 1987இல் 13ஆம் திருத்தத்தோடு அரசகரும மொழியானது. இரண்டாம் தேசிய மொழியாகத் தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் சிங்களப் பிள்ளைகள் தமிழும் வகுப்பில் படிக்கிறார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள், பெயரும் ஊரும் சொல்லுவார்கள், அதற்கு மேல் வராது. உடனே பலரும் சொல்லும் தீர்வு, ஆங்கிலத்தில் நடத்துங்கள் என்பது. நான் இதற்கு முழுதாக எதிர். ஆங்கிலத்தில் நடத்தினால் ரவுனில் ஆங்கில வகுப்புக்குப் போகக் காசுள்ள நாலைந்து பிள்ளைகள் மட்டும் கதைப்பார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இனம் பற்றிக் கதைக்கக் கூடிய இடம் காசு பற்றிய இடமாக மாறிவிடும்.

அவரவர் மொழியில் கதைக்கட்டும், மொழிபெயர்ப்போம் என்று வைத்தால் நேரம் இரட்டிப்பாகும். அதை முதலிலேயே கணக்கில் எடுங்கள். ஒரு நாளில் நாலு விடயம் வைத்திருந்தால் இரண்டாகக் குறையுங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள்தான். வாப்பாவின் கடையில் நின்று பழகியவர்கள். அவர்களை மொழிபெயர்ப்பாளராக்குவது இலகு, ஆனால் அந்தப் பிள்ளை நாள் முழுவதும் மற்றவர்களின் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும், தன் கதையைச் சொல்ல வாய்ப்பே வராது. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் தங்களுக்குள் தமிழில் கதைத்துச் சிரிக்கும்போது சிங்களப் பிள்ளைகள் தனித்துப் போவதும் நடக்கும். அதனால் சாதாரண விளையாட்டுக்கும் வேலைக்கும் பிள்ளைகள் முறை வைத்து மொழிபெயர்க்கட்டும். பாரமான கதை வரும் அமர்வுக்குப் பெரியவர் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

குழு பிரிக்கும்போது ஒரு சமூகத்திலிருந்து ஒரே ஒரு பிள்ளையையோ, ஒரே ஒரு பெண் பிள்ளையையோ தனியாக விடக் கூடாது. குறைந்தது இரண்டு பேர் இருந்தால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் துணிந்து கதைப்பார்கள். தனியாக இருக்கும் பிள்ளையிடம், உங்கள் சமயத்தில் ஏன் இப்படி என்று நாலு பேர் கேட்டால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும்.

சாப்பாட்டுக்கு எங்கள் கடற்கரை தந்த வழி மீன். மீனுக்கு ஹலால் கேள்வி இல்லை, மாட்டிறைச்சி பிரச்சினை இல்லை. சோறு, மீன் குழம்பு, பருப்பு, மரக்கறி, மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கு ஒரு கறி கூடுதலாக. கரண்டிகளை மாற்றிப் போடாமல் இருந்தால் போதும். லுஹர் (மதியத் தொழுகை) நேரத்தில் தேநீர் இடைவேளை வைத்துவிடுகிறோம். தொழும் பிள்ளைகளுக்கு ஒரு சுத்தமான அறையும் தண்ணீரும் பாயும் தயாராக இருக்கும். மற்றவர்கள் அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருப்பது போன்ற நிலை வராது, யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் வேண்டியதில்லை. மங்கள விளக்கேற்றல், பிரதம விருந்தினர், நான்கு சமயத் தலைவர்களின் ஆசியுரை எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். விளக்கேற்ற அழைத்தால் சங்கடப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மற்றது, பெரியவர்கள் பேசத் தொடங்கினால் காலை முடிந்துவிடும்.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேஸ்புக்கில் ஒரு படம் போனால் சில பெண் பிள்ளைகள் அடுத்த முறை வரமாட்டார்கள், வீட்டில் விடமாட்டார்கள். அதிபருக்கு அறிக்கைக்குப் படம் வேண்டும் என்றால் கைவேலையின் படம், மேசையின் படம் கொடுங்கள். முகம் வேண்டாம்.

சரி, உட்கார்ந்தாயிற்று. எதைப் பற்றிக் கதைப்பது? சமயம், இனம் என்று நேராகத் தொடங்குவதைவிட, எல்லோரும் பட்ட ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. எங்களுக்கு அது 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லை. எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பெற்றோல் இல்லாமல் பாடசாலைகளும் மூடப்பட்டன, பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தது. உங்கள் வீட்டில் அப்போது என்ன நடந்தது என்று கேட்டால் பேசாத பிள்ளையும் பேசும். அப்பாவோடு இரவு முழுக்க பெற்றோல் செட்டுக்கு முன்னால் படுத்தது, மண்ணெண்ணெய் இல்லாமல் படகு கரையில் கிடந்தது, பசளை இல்லாமல் வேளாண்மை படுத்தது. மீன்பிடிக் குடும்பத்துத் தமிழ்ப் பிள்ளையும் வயல் வீட்டுச் சிங்களப் பிள்ளையும் கடைக்கார வீட்டு முஸ்லிம் பிள்ளையும் அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போன மாதிரி இருக்கும். வித்தியாசங்களும் அதற்குள்ளேயே தெரியவரும். யாருக்கு வரிசையில் இடம் கிடைத்தது, யாரை ஏசினார்கள் என்று பிள்ளைகளே சொல்லுவார்கள்.

இதெல்லாம் நடந்து, பிள்ளைகள் ஒருவர் பெயரை ஒருவர் சரியாகச் சொல்லப் பழகிய பிறகுதான் 2006க்குப் போகிறோம்.

2006 எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும் ஆண்டு. யூலையில் மாவிலாற்று அணைக்கட்டு மூடப்பட்டு வயல்களுக்குத் தண்ணீர் நின்றது. ஓகஸ்டில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடந்த சண்டை மூதூருக்குள் வந்தபோது அங்கிருந்த முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். சம்பூர்ப் பக்கத்துத் தமிழ் மக்கள் வாகரைக்கும் பிறகு மட்டக்களப்புக்கும் போனார்கள். அவர்களில் பலர் சொந்தக் காணிக்குத் திரும்பியது 2015க்குப் பிறகுதான். ஒரே ஆண்டு, ஒரே நிலப்பரப்பு. இப்போது தரம் 10இல் இருக்கும் பிள்ளைகள் யாரும் அப்போது பிறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் வீட்டுக் கதை மட்டும் தெரியும், அதுவே முழுக்கதை என்றும் நினைத்திருக்கும்.

இந்த அமர்வுக்கு முந்தின கிழமையே பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வேலை கொடுப்போம். வீட்டில் பெரியவர்களிடம் மூன்று விடயம் கேட்டு வர வேண்டும்: அந்த ஆண்டு நாங்கள் எங்கே போனோம், கையில் என்ன எடுத்துப் போனோம், வழியில் யார் சோறோ தண்ணீரோ தந்தார்கள். யார் செய்தது, யார் குற்றம் என்று கேட்டு வரச் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு நாள் பதில் வேண்டும்தான், ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஒருவருக்கு எதிராக ஒருவர் சாட்சி சொல்ல வைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

ஒரு சிங்களப் பையன், தாத்தாவின் வயலில் குடலைப் பருவத்தில் பயிர் கருகியதையும், இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்ததையும் சொன்னான். ஒரு முஸ்லிம் பிள்ளை, உம்மா கைக்குழந்தையோடு நடந்து கந்தளாயில் ஒரு பாடசாலையில் தங்கியதைச் சொன்னது. ஒரு தமிழ்ப் பையன், திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தைக் கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்றான். அவன் சொல்லி முடித்ததும் சிங்களப் பையன் கேட்டான்: “திரும்பி வர ஏன் அத்தனை வருசம்?” குத்திக் காட்டக் கேட்டதல்ல, அவனுக்கு உண்மையாகவே தெரியாது. ஒரு மணித்தியால பஸ் தூரத்தில் ஒரு ஊரே ஆளில்லாமல் கிடந்தது அவன் வீட்டில் யாரும் பேசாத விடயம். அந்த ஒரு கேள்விக்காகவே இவ்வளவு அலைச்சலும் தகும் என்று எனக்குத் தோன்றியது.

எல்லாப் பிள்ளைகளும் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்கள் கதையை வெளியில் சொல்லாதே என்று ஒரு தாய் சொல்லி அனுப்பினால் அதுவும் மதிக்கப்பட வேண்டும். “இன்றைக்கு நான் கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டு இருக்கலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஆசிரியர்கள் அந்த அறையில் இருப்பதில்லை. நடத்துபவர் ஒருவர், மொழிபெயர்ப்பவர் ஒருவர், ஆலோசனை வழங்கப் பயிற்சி பெற்ற ஒருவர், அவ்வளவுதான். தன் ஆசிரியர் முன்னால் இருந்தால் பிள்ளை அவர் கேட்க விரும்பும் கதையைத்தான் சொல்லும். ஆனால் பக்கத்து அறையில் சும்மா இருக்கும் ஆசிரியர்களையும் மறக்காதீர்கள். அந்த ஆண்டை நேரில் பட்டவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கென்று ஒரு வட்டம் தனியாக வைக்க வேண்டும். பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் அது கஷ்டமாக இருக்கிறது.

சூடான வார்த்தைகளும் வரும். ஒருமுறை 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு பற்றிப் பேச்சு வந்தது. “உங்கட ஆக்கள்தானே” என்று ஒருவன் ஆரம்பித்தான். எதிரில் இருந்த முஸ்லிம் பெண் பிள்ளைக்கு முகம் சிவந்து, 2020இல் கொரோனாவில் இறந்தவர்களை எங்கள் விருப்பத்துக்கு மாறாக எரித்தீர்களே என்று திருப்பிக் கேட்டது. கட்டாய எரிப்பு 2021 பெப்ரவரியில்தான் நிறுத்தப்பட்டு, மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் கொடுத்தார்கள். அந்தக் காயம் பிள்ளைகளிடம் ஆறவில்லை. இந்த மாதிரி நேரத்தில் நடத்துபவர் சமாதானம் செய்யவும் கூடாது, தீர்ப்புச் சொல்லவும் கூடாது. நாங்கள் வைத்திருக்கும் முறை ஒரு பெரிய தாளில் மூன்று கட்டம்: வீட்டில் நடந்தது, அயலில் நடந்தது, போனில் பார்த்தது. நீ இப்போது சொன்னது எந்தக் கட்டத்துக்குள் வரும் என்று கேட்டு, அவரவரே எழுத வேண்டும். அன்று அந்தப் பையன் எழுதியவை எல்லாம் மூன்றாவது கட்டத்தில் விழுந்தன. அந்தப் பெண் பிள்ளை எழுதியதில் ஒன்று இரண்டாவது கட்டத்தில், பக்கத்து வீட்டு மூத்தவரின் ஜனாஸா. அவன் அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டான். மன்னிப்பு, கைகுலுக்கல் என்று எதுவும் நடக்கவில்லை, நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. “உங்கட ஆக்கள்” என்று இனிமேல் யாரும் சொல்லக் கூடாது என்ற விதியைப் பிள்ளைகளே அன்று எழுதி ஒட்டினார்கள். அவர்கள் எழுதிய விதி என்பதால் அவர்களே ஒருவரை ஒருவர் பிடித்துத் திருத்துகிறார்கள்.

இன்னொரு விடயம், நான் இதை எல்லோரிடமும் அழுத்திச் சொல்லுவேன். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூன்று பெட்டிகளோடு நின்றுவிடாதீர்கள். ஒரு சந்திப்பில் பிள்ளைகள் தங்கள் பாட்டன் பூட்டன் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தமிழ்ப் பாடசாலையிலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளை தாங்கள் வேடர் வழி வந்தவர்கள் என்றது. மூதூர், வெருகல் கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் சமூகங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பிள்ளையின் சொந்த வகுப்புப் பிள்ளைகளுக்கே அது தெரியாது. சிங்களப் பிள்ளைகள் ஆர்வமாகக் கேள்வி கேட்டார்கள். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நெஞ்சில் தைத்தது. சாதி பற்றிய பேச்சும் இப்படித்தான், மற்றச் சமூகத்தவர் இருக்கும்போது வராது, அவர்கள் போனபின் பஸ்ஸில் வரும். அதனால் இப்போது கலப்புச் சந்திப்புக்கு முன்னால் ஒவ்வொரு பாடசாலையிலும் உள்ளுக்குள் ஒரு அமர்வு வைக்கிறோம். நம் ஊருக்குள் யாரை நாம் சேர்ப்பதில்லை, யார் வீட்டில் சாப்பிடுவதில்லை என்பதுதான் அதற்குக் கேள்வி. மற்றவரின் பாகுபாட்டைப் பற்றிப் பேசப் பிள்ளைகளுக்கு ஆயிரம் வார்த்தை இருக்கிறது, சொந்த வீட்டைப் பற்றிப் பேச இந்த அமர்வுதான் தொடக்கம்.

சந்திப்புக்குப் பிறகு வட்ஸ்அப் குழு ஒன்று தானாக வந்துவிடும், தடுக்க முடியாது. அதனால் ஒழுங்காக நடத்துவது நல்லது. மூன்று பாடசாலையிலும் தலா ஒரு பிள்ளை நிர்வாகி, பெரியவர் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குரல் பதிவு போடச் சொல்லுங்கள். தட்டச்சில் வராத சிங்களமும் தமிழும் குரலில் வருகிறது. செய்திகளை முன்னனுப்பக் கூடாது, தான் பார்த்ததை மட்டும் போடலாம். தேர்தல் காலத்தில் குழுவைச் சில நாள் மூடி வைக்கலாமா என்று பிள்ளைகளையே கேளுங்கள், பெரும்பாலும் ஆம் என்பார்கள்.

அடுத்தது பெற்றோர். பிள்ளை மாறி வருவதைப் பார்த்து வீட்டில் பயப்படுகிறார்கள், சில தகப்பன்மார் கோபப்படுகிறார்கள். இந்தத் தவணையில் முதல் சந்திப்பு முடிந்த கையோடு பெற்றோரையும் கூப்பிடுவதாக இருக்கிறோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியவர்கள் பலர் என்பதால் அவர்களுக்கான சந்திப்பு பின்னேரம் நாலு மணிக்கு. இருட்டு முன்னம் எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட இரண்டாவது பஸ் ஒன்றும் பேசியிருக்கிறோம்.